கேள்வி - பதில்: கதவைப் பூட்டியவர்களும் கணக்கெடுத்தவர்களும்

போன இதழில், 1890களிலிருந்து 1920 வரை அமெரிக்காவில் நடந்த அரசியல், சமூகச் சீர்திருத்தங்களைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். அந்த வருடங்களை அங்கே முற்போக்குக் காலம் என்கிறார்கள். ஒரு பத்திக்கு இவ்வளவு கடிதங்கள் வந்ததில் ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இடம் இருக்கிற வரைக்கும் பதில் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் புத்தகத்தில் இந்தக் காலத்தைத் தியோடர் ரூஸ்வெல்ட், உட்ரோ வில்சன் என்ற இரண்டு ஜனாதிபதிகளின் சாதனையாகத்தான் போட்டிருக்கிறது. அப்படித்தானா? (போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, திருநெல்வேலி)

இல்லைம்மா. ஜனாதிபதிகள் கையெழுத்துப் போட்டார்கள், அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்தக் காகிதம் அவர்கள் மேசைக்கு வருவதற்குள் யாரோ பத்து இருபது வருடம் தெருத்தெருவாக அலைந்து முடித்திருந்தார்கள். 1900 வாக்கில் அங்கே நிலைமை எப்படி இருந்தது என்று முதலில் பாருங்கள். எண்ணெய், எஃகு, இறைச்சி, ரயில் எல்லாமே விரல்விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் கையில். செனட்டர்களுக்கு மக்கள் ஓட்டுப் போடவில்லை, மாநிலச் சட்டமன்றங்கள்தான் அனுப்பிவைத்தன, அந்தச் சட்டமன்றங்களைக் கம்பெனிகள் கையில் போட்டுக்கொள்வது சகஜமாக இருந்தது (1913-இல் அரசியல் சட்டத்துக்கு 17-ஆவது திருத்தம் வந்த பிறகுதான் இது மாறியது). 1900 மக்கள்தொகைக் கணக்கின்படி 10 முதல் 15 வயதுக்குள் வேலைக்குப் போன பிள்ளைகள் மட்டும் 17 லட்சத்துக்கு மேல்.

இதை மாற்றக் கிளம்பியவர்களில் ஜேன் ஆடம்ஸ் என்ற பெண்மணியைத் தெரிந்துகொள்ளுங்கள். 1889-இல் சிகாகோவில், ஏழைக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில், ஹல் ஹவுஸ் என்று ஒரு இல்லம் தொடங்கி அங்கேயே குடியிருந்தார். தெருவில் குப்பை அள்ளவில்லை, குழந்தைகள் சாகின்றன என்று மனு மேல் மனு போட்டுப் பார்த்து, கடைசியில் 1895-இல் அந்த வார்டுக்குக் குப்பை ஆய்வாளராக அவரே வேலை வாங்கிக்கொண்டு, காலை ஆறு மணிக்குக் குப்பை வண்டிக்குப் பின்னாலேயே போனார். அதே வருடம் ஹல் ஹவுஸில் இருந்த ஃபிளாரன்ஸ் கெல்லியும் மற்றவர்களும் சுற்றுவட்டாரத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு வரைபடமாக வெளிவந்தது. எந்த வீட்டில் எந்த நாட்டுக்காரர், வாரத்துக்கு எவ்வளவு கூலி என்று நிறம் தீட்டிக் காட்டியிருந்தார்கள். போய்ப் பார், எண்ணு, அச்சில் போடு, அதைக் கொண்டுபோய்ச் சட்டமன்றத்தின் முன்னால் வை. அந்தக் காலத்தின் நல்ல சட்டங்களில் பெரும்பாலானவை இந்த வழியில்தான் வந்தன. தேர்வுக்கு ரூஸ்வெல்ட்டை எழுதுங்கள், மனதில் கெல்லியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நியூயார்க் பிளவுஸ் கம்பெனித் தீ விபத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நான் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் வேலை பார்க்கிறேன். அங்கே கதவை ஏன் பூட்டினார்கள்? முதலாளிகளுக்குத் தண்டனை கிடைத்ததா? (வாசகி, திருப்பூர்)

திருட்டுப் பயம் என்று காரணம் சொன்னார்கள். வேலை முடிந்து கிளம்பும் ஒவ்வொரு பெண்ணும் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும், ஒரே வாசல் வழியாக எல்லோரையும் அனுப்பினால்தான் அது நடக்கும், அதனால் இன்னொரு பக்கத்துக் கதவுக்குப் பூட்டு.

டிரையாங்கிள் என்ற அந்தக் கம்பெனி வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்தில், ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை. சாயங்காலம் 4.40, வேலை முடிகிற நேரம். எட்டாவது மாடியில் கட்டிங் மேசைக்கு அடியில் வெட்டுத்துணி சேர்த்து வைத்திருந்த பெட்டியில் தீ பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட் துண்டாகவோ தீக்குச்சியாகவோ இருக்கலாம். எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடி ஆபீசுக்குப் போனில் தகவல் போனது, அங்கே இருந்த இரண்டு முதலாளிகளும் மொட்டைமாடி வழியாகத் தப்பிவிட்டார்கள். நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. வரிசை வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருந்த அந்த மாடியில் பெண்கள் ஒரு கதவுக்கு ஓடினால் தீ, இன்னொரு கதவுக்கு ஓடினால் பூட்டு. பின்பக்க இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. லிஃப்ட் ஓட்டிய இரண்டு பேர் முடிந்த மட்டும் ஏறி இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். தீயணைப்பு வண்டிகள் சீக்கிரமே வந்தன, ஆனால் ஏணி ஆறாவது மாடி வரைதான் எட்டியது. அரை மணி நேரத்துக்குள் 146 பேர் போய்விட்டார்கள். பெரும்பாலும் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம்பெண்கள், 14 வயதுப் பிள்ளைகளும் அதில் உண்டு. இத்தனைக்கும் 1909-இல் நியூயார்க் பிளவுஸ் கம்பெனிகளில் இருபதாயிரம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது டிரையாங்கிள் பெண்களும் தெருவில் நின்றார்கள். அந்தக் கம்பெனி சங்கத்தை ஏற்கவே இல்லை.

தண்டனை கிடைக்கவில்லை. கதவு அந்த நேரத்தில் பூட்டியிருந்தது முதலாளிகளுக்குத் தெரியும் என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும் என்பது சட்டம். 1911 டிசம்பரில் இருவரையும் ஜூரி விடுவித்தது. 1914-இல் சிவில் வழக்கு சமரசத்தில் முடிந்தபோது ஒரு உயிருக்கு 75 டாலர் கிடைத்தது. முதலாளிகளுக்குக் கிடைத்த இன்சூரன்ஸ் பணம் அதைவிடப் பல மடங்கு. அதைவிடக் கொடுமை, அவர்களில் ஒருவர் 1913-இல் இன்னொரு கம்பெனியில் வேலை நேரத்தில் கதவைப் பூட்டியதற்காக மறுபடியும் பிடிபட்டு, 20 டாலர் அபராதம் கட்டிவிட்டுப் போனார். இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது, உங்களுக்கும் வரும்.

ஆனால் கதை நீதிமன்றத்தோடு முடியவில்லை. அன்றைக்கு அந்தச் சதுக்கத்துக்குப் பக்கத்து வீட்டில் டீ குடிக்க வந்திருந்த ஃபிரான்செஸ் பெர்கின்ஸ் என்ற பெண், சத்தம் கேட்டு ஓடிவந்து, மாடியிலிருந்து பெண்கள் குதிப்பதைக் கண்ணால் பார்த்தார். நியூயார்க் மாநிலம் அமைத்த தொழிற்சாலை விசாரணைக் குழுவுக்காக வேலை செய்தபோது, குழுவில் இருந்த அரசியல்வாதிகளை அறிக்கை படிப்பதோடு விட்டுவிடாமல் நேரில் கூட்டிக்கொண்டு போனார் அவர். கயிறு ஆலையில் பத்து மணி நேர ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பெண்கள் வெளியே வருவதை ஆல் ஸ்மித்தைப் பார்க்க வைத்தார். தீ பிடித்தால் தப்பிக்கும் வழி என்று எழுதிவைத்திருந்த ஒரு சின்ன ஓட்டைக்குள் ராபர்ட் வாக்னரைத் தவழ்ந்து போக வைத்தார். வெளியே போய்ப் பார்த்தால் பனி உறைந்த ஏணி, அதுவும் தரைக்கு எத்தனையோ அடி மேலேயே முடிந்துபோனது. மூன்று நான்கு வருடங்களில் முப்பதுக்கும் மேல் சட்டங்கள் வந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டக் கூடாது, தீ ஒத்திகை கட்டாயம், உயரமான தொழிற்சாலைக் கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் குழாய், பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது. பெர்கின்ஸ் 1933-இல் அமெரிக்காவின் தொழிலாளர் அமைச்சரானார், அந்த நாட்டில் அமைச்சரான முதல் பெண் அவர்தான். உங்கள் கம்பெனியில் அவசர வழிக்கு முன்னால் சிப்பங்களை அடுக்கி வைத்திருந்தால் தயவுசெய்து பேசாமல் இருக்காதீர்கள், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு சொல்லுங்கள்.

கேள்வி: பாலில் ஃபார்மலின், காயில் சாயம் என்று தினமும் செய்தி வருகிறது. அமெரிக்காவில் இதெல்லாம் எப்போதுமே கிடையாதாமே? (இல்லத்தரசி, ஈரோடு)

யார் சொன்னது? நூறு வருடத்துக்கு முன்னால் அங்கே பாலில் அதே ஃபார்மலின்தான் கலந்தார்கள். இறைச்சி கெடாமல் இருக்க வெண்காரம், பட்டாணி பச்சையாகத் தெரிய மயில்துத்தம். குழந்தை அழாமல் தூங்கக் கொடுத்த டானிக்கில் மார்ஃபின், அதுவும் பாட்டிலில் எழுதாமல். எந்தக் கம்பெனியும் தன் சரக்கில் என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டிய கட்டாயமே கிடையாது.

விவசாயத் துறையில் தலைமை வேதியியலாளராக இருந்த ஹார்வி வைலி என்பவர் இதை நிரூபிக்க ஒரு வழி கண்டுபிடித்தார். 1902-இல் வாஷிங்டனில் ஆபீஸ் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு சாப்பாட்டு அறை. 12 ஆரோக்கியமான இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். மூன்று வேளையும் நல்ல சாப்பாடு, இலவசம், ஆனால் அதில் கம்பெனிகள் கலக்கும் ரசாயனமும் இருக்கும். முதலில் வெண்காரத்தை வெண்ணெயில் கலந்தார்கள், பையன்கள் கண்டுபிடித்து வெண்ணெயைத் தொடவில்லை. அப்புறம் பாலில், இறைச்சியில், காபியில் கலந்து பார்த்தார்கள், அதையும் ஒதுக்கினார்கள். கடைசியில் மாத்திரையாகவே கொடுத்துவிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் எடை, உடல் சூடு, நாடித் துடிப்பு எல்லாம் குறிக்க வேண்டும், வெளியே சாப்பிடக் கூடாது. தலைவலி, வயிற்றுவலி, பசியின்மை. ஒவ்வொன்றும் நோட்டில் ஏறியது. பத்திரிகைகள் இவர்களுக்கு விஷப் படை என்று பெயர் வைத்தன. இன்றைக்கு இப்படி ஒரு சோதனையை எந்த மருத்துவக் குழுவும் அனுமதிக்காது, அனுமதிக்கவும் கூடாது. ஆனால் அந்த 12 பேரின் வயிறுதான் கம்பெனி வக்கீல்களுக்கு மறுக்க முடியாத சாட்சியாக இருந்தது.

நாடு முழுக்க மாதர் சங்கங்கள் கடிதம் எழுதிக் குவித்தன. அப்டன் சின்க்ளேர் என்ற இளம் எழுத்தாளர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் ஏழு வாரம் சுற்றிவிட்டு ஒரு நாவல் எழுதினார். தொழிலாளிகள் படும் பாட்டைச் சொல்லத்தான் எழுதினார், படித்தவர்களோ தாங்கள் சாப்பிடும் இறைச்சியை நினைத்துப் பதறினார்கள். நெஞ்சைக் குறிவைத்தேன், தவறி வயிற்றில் பட்டுவிட்டது என்று அவரே வருத்தப்பட்டார். 1906 ஜூன் 30, ஒரே நாளில் இரண்டு சட்டங்கள்: இறைச்சி ஆய்வுச் சட்டம், தூய உணவு மருந்துச் சட்டம். பெரிய இறைச்சிக் கம்பெனிகள் கடைசியில் இதை ஏற்றுக்கொண்டதற்கு ஏற்றுமதியும் ஒரு காரணம், அரசு முத்திரை இருந்தால் ஐரோப்பாவில் சரக்கு போகும். மருந்துச் சட்டம் மார்ஃபினைத் தடை செய்யவில்லை, லேபிளில் எழுது என்று மட்டும்தான் சொன்னது. அதுவே தாய்மார்களுக்குப் போதுமானதாக இருந்தது, பாட்டிலைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்காமல் போனார்கள். எனக்குத் தெரிந்து இதுதான் அந்தக் காலத்தின் மிக எளிமையான, மிக நன்றாக வேலை செய்த விதி.

கேள்வி: அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்தது உண்மையா? (வாசகர், சேலம்)

உண்மை. 1920 ஜனவரியிலிருந்து 1933 டிசம்பர் வரை. அதற்கு முன்பு மத்திய அரசின் வருமானத்தில் ஒரு பெரிய பங்கு சாராய வரியிலிருந்துதான் வந்தது. 1913-இல் 16-ஆவது திருத்தம் வந்து வருமான வரி போட்ட பிறகுதான் அந்தப் பணம் இல்லாமலும் அரசு நடக்கும் என்ற தைரியம் வந்தது. குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவனால் துன்பப்பட்ட பெண்கள் அந்த இயக்கத்தில் லட்சக்கணக்கில் இருந்தார்கள், அவர்கள் வலி நிஜமானது. சட்டம் மட்டும் கள்ளச்சாராயக் கும்பல்களை வளர்த்துவிட்டது.

கேள்வி: ஒரு பத்திரிகைத் தொடரால் ராக்பெல்லரின் கம்பெனி உடைந்தது என்கிறார்கள். ஒரு நிருபரால் அது முடியுமா? (இதழியல் மாணவர், சென்னை)

தொடர் மட்டும் உடைக்கவில்லை, 1911-இல் உச்ச நீதிமன்றம் உடைத்தது. ராக்பெல்லரின் எண்ணெய்க் கம்பெனியான ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாகப் பிரிந்தது. ஆனால் ஐடா டார்பெல் 1902 முதல் 1904 வரை மெக்ளூர்ஸ் பத்திரிகையில் எழுதிய தொடர் அதற்கான நிலத்தை உழுதது. அவருடைய அப்பா பென்சில்வேனியாவில் சின்ன எண்ணெய்த் தொழில் செய்து ராக்பெல்லரால் நொடித்தவர்களில் ஒருவர். ஆனாலும் டார்பெல் திட்டித் தீர்க்கவில்லை, வருடக்கணக்கில் நீதிமன்ற ஆவணங்களும் விசாரணைக் குழு வாக்குமூலங்களும் படித்தார். ரயில்வேக்காரர்கள் போட்டியாளர்களின் சரக்கு விவரத்தை ரகசியமாக ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குக் கொடுக்கிறார்கள் என்று சந்தேகம், ஆதாரம் இல்லை. அந்தக் கம்பெனியில் பழைய காகிதங்களை எரிக்கும் வேலை செய்த ஒரு பையன், ஒருநாள் காகிதத்தில் தன் ஞாயிறு பள்ளி ஆசிரியரின் பெயரைப் பார்த்தான். அவர் சின்னதாக ஒரு சுத்திகரிப்பு ஆலை வைத்திருந்தவர். பையன் காகிதங்களை எடுத்துவைத்து அவரிடம் கொடுக்க, அவர் டார்பெலிடம் சேர்த்தார். ரயில்வே எழுத்தர்கள் எழுதிக்கொடுத்த சரக்குக் கணக்கு அப்படியே இருந்தது. அந்த ஆவணத்தை எடுத்துவிட்டால் அந்த அத்தியாயம் வெறும் புகார்தான். தம்பி, படிக்கும் காலத்திலேயே ஆவணம் படிக்கப் பழகுங்கள்.

கேள்வி: பன்னிரண்டு வயதில் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனவன் நான். அமெரிக்க மில்களிலும் பிள்ளைகளை வைத்தார்களா? (ஓய்வு பெற்ற மில் தொழிலாளி, ராஜபாளையம்)

வைத்தார்கள் ஐயா. ஜார்ஜியா, கரோலினா மில்களில் எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகள். நிறைந்த பாபினைக் கழற்றி காலி பாபினை மாட்டுவது, அறுந்த நூலை இணைப்பது. இந்த வேலையின் வேகம் என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். லூயிஸ் ஹைன் என்ற போட்டோக்காரரை 1908-இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழு வேலைக்கு வைத்தது. போஸ்ட்கார்டு விற்பவர், பைபிள் விற்பவர் என்று ஏதாவது வேஷத்தில் உள்ளே நுழைவார். பிள்ளையின் உயரத்தைத் தன் கோட்டுப் பொத்தானை வைத்து அளந்துகொண்டு, பைக்குள் விட்ட கையாலேயே நோட்டில் குறித்துக்கொள்வார். 1909-இல் மேக்கன் ஊர் மில்லில் அவர் எடுத்த படம் ஒன்று: இரண்டு சின்னப் பையன்கள், எட்டாததால் ஓடும் மெஷின் மேலேயே ஏறி நிற்கிறார்கள், ஒருவன் காலில் செருப்பில்லை.

1916-இல் சட்டம் வந்தது. 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை வைத்துச் செய்த சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் போகக் கூடாது. ஷார்லட் நகர மில் தொழிலாளி ஒருவர், மகன்களின் சம்பளம் போகிறதே என்று வழக்குப் போட்டார், மில் முதலாளிகள் செலவு செய்தார்கள். 1918-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சட்டத்தை ரத்து செய்தது. நாடு தழுவிய தடை நிலைத்து நின்றது 1938-இல்தான், அதையும் முன்னால் நின்று கொண்டுவந்தவர் நான் மேலே சொன்ன அதே பெர்கின்ஸ்.

கேள்வி: இவ்வளவு நல்லவர்கள் கறுப்பின மக்களுக்கு என்ன செய்தார்கள்? இந்தியர்களுக்கு? (வழக்கறிஞர், மதுரை)

இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். பெரும்பாலோர் ஒன்றும் செய்யவில்லை, பலர் கெடுதல் செய்தார்கள். வில்சன் ஆட்சியில், 1913-இல், மத்திய அரசு அலுவலகங்களிலேயே கறுப்பர்களைத் தனியாகப் பிரித்து உட்கார வைத்தார்கள். அதே வருடம் மார்ச் 3-ஆம் தேதி வாஷிங்டனில் பெண்கள் வாக்குரிமை ஊர்வலம். கறுப்புப் பெண்கள் கடைசியில் வாருங்கள் என்றார்கள். கும்பல் கொலைகளை ஊர் ஊராகக் கணக்கெடுத்து அச்சில் போட்ட ஐடா பி. வெல்ஸ் அதை ஏற்காமல், கூட்டத்திலிருந்து இறங்கி இல்லினாய் மாநில அணியோடு சேர்ந்து நடந்தார். 1920-இல் 19-ஆவது திருத்தம் எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு என்றது, தெற்கு மாநிலங்களில் கறுப்புப் பெண்கள் நிஜமாக ஓட்டுப் போட 1965 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அறிவியல் என்ற பெயரில் இன்னொன்றும் நடந்தது: 'தகுதியற்றவர்கள்' பிள்ளை பெறக் கூடாது என்று 1907-இல் இந்தியானா மாநிலம் கட்டாயக் கருத்தடைச் சட்டம் போட்டது, மற்ற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. 1927-இல் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றபோது, தொழிலாளிகளுக்காக வாதாடிப் பேர் வாங்கிய நீதிபதி பிராண்டைஸும் பெரும்பான்மையோடுதான் நின்றார். கணக்கெடுக்கும் பழக்கம் இங்கே மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாகிவிட்டது.

இந்தியர்கள் விஷயம் உங்களுக்குச் சட்டரீதியாகவே சுவாரசியமாக இருக்கும். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபி, முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், குடியுரிமை கேட்டார். அன்றைய சட்டப்படி 'சுதந்திர வெள்ளையர்', ஆப்பிரிக்க வம்சாவளியினர் இவர்களுக்குத்தான் குடியுரிமை. 1923-இல் உச்ச நீதிமன்றம், சாதாரண மனிதன் வெள்ளையர் என்று நினைப்பவர்களில் இந்தியர் இல்லை என்று ஒருமனதாகத் தீர்ப்பு எழுதியது. எழுதிய நீதிபதி சதர்லாந்து, செனட்டராக இருந்தபோது பெண்கள் வாக்குரிமையை ஆதரித்தவர். ஏற்கெனவே குடியுரிமை பெற்ற இந்தியர்களிடமிருந்தும் அதைப் பிடுங்கினார்கள். குடியுரிமைக்குத் தகுதியில்லாதவர் விவசாய நிலம் வாங்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் 1913-இலேயே சட்டம் இருந்தது, ஜப்பானியர்களைக் குறிவைத்துப் போட்டது, தீர்ப்புக்குப் பிறகு பஞ்சாபி விவசாயிகள் மேலும் பாய்ந்தது. அதில் கையெழுத்துப் போட்ட கவர்னர் ஹைரம் ஜான்சன், முற்போக்குவாதிகளின் நட்சத்திரம்.

கேள்வி: ஜெயித்தவரைப் பாதியில் திரும்ப அழைக்கும் உரிமை அங்கே இருக்கிறதா? பயன்படுகிறதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

மத்தியில் இல்லை ஐயா. ஜனாதிபதியையோ செனட்டரையோ மக்கள் திரும்ப அழைக்க முடியாது. சில மாநிலங்களில் இருக்கிறது. ஓரிகன் 1908-இல் கொண்டுவந்தது, கலிஃபோர்னியா 1911-இல், அதே ஹைரம் ஜான்சன் கவர்னராக இருந்தபோது. சதர்ன் பசிபிக் ரயில்வே கலிஃபோர்னியாவில் யாரை வேண்டுமானாலும் வாங்கிவிடும் என்ற நிலை இருந்ததால், வாங்கப்பட்டவரை மக்களே இறக்கிவிட ஒரு வழி வேண்டும் என்று நினைத்தார்கள்.

கலிஃபோர்னியாவில், போன கவர்னர் தேர்தலில் பதிவான ஓட்டில் 12 சதவீதம் அளவுக்குக் கையெழுத்து சேர்ந்தால், கவர்னரைத் திரும்ப அழைப்பதா என்று வாக்கெடுப்பு. 2003-இல் இப்படித்தான் கிரே டேவிஸ் போய் நடிகர் அர்னால்ட் வந்தார், அந்த வாக்குச்சீட்டில் 135 வேட்பாளர்கள். 2021-இல் கேவின் நியூசம் மீது வந்தது, அவர் தப்பிவிட்டார். இன்று கையெழுத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்து ஆள் வைத்துச் சேகரிக்கிறார்கள், ஆகவே பணம் உள்ளவர்கள் யார் மீதும் இதை ஏவ முடிகிறது, பணத்தைத் தடுக்க வந்த விதிக்கே இந்தக் கதி. இருந்தாலும் இதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். கூலிக்குக் கையெழுத்துச் சேகரிப்பதைக் கட்டுப்படுத்துவதும், 12 சதவீதத்தைக் கொஞ்சம் உயர்த்துவதும் போதும் என்பது என் எண்ணம். 2021-க்குப் பிறகு அங்கேயும் இதைப் பற்றி விவாதம் நடந்தது.